பதினாறு மணி நேரக் கணக்கு

பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டிலோ பெட்ரோல் ஸ்டேஷனிலோ சில வருடம் குப்பை கொட்டிய தமிழர் யாரிடமாவது "பதினாறு மணி நேரம்" என்று சொல்லிப் பாருங்கள். மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியிருக்காது. அரசின் உதவித்தொகை வாங்க வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வேலை இருக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. பதினைந்து என்றால் ஆபத்து, இருபது என்றால் வீண். "சனிக்கிழமை நாலு மணி நேரம் வர்றீங்களா?" என்று மேனேஜர் கேட்டதும், கேட்கப்பட்டவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடும். பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி மறுத்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனம் போலத் தெரியும்.

அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்ததே சட்டம்தான்.

1988-ல் அங்கே ஃபேமிலி கிரெடிட் என்றொரு உதவித்தொகை வந்தது. பிள்ளைகள் இருந்து, வேலைக்கும் போய், சம்பளம் குறைவாக இருக்கிற குடும்பங்களுக்கானது. வாரம் 24 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1992-ல் அதை 16 ஆகக் குறைத்தார்கள். 1995-ல், 30 மணி நேரத்தைத் தாண்டினால் கொஞ்சம் கூடுதல் பணம் என்று சேர்த்தார்கள். ரிச்சர்ட் பிளண்டெல் போன்ற பொருளாதார அறிஞர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று வருடவாரியாக வரைந்து பார்த்தார்கள். முதலில் 24-ஐ ஒட்டி ஒரு குவியல். விதி மாறியதும் அந்தக் குவியல் 16-க்கு நகர்கிறது. 1995-க்குப் பிறகு 30-லும் ஒன்று முளைக்கிறது. கோட்டை எங்கே போட்டார்களோ அங்கே போய் ஆட்கள் நின்றார்கள்.

நலத்திட்டச் சீர்திருத்தம் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வரும். ஏழைகள் பணக்கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில். உதவித்தொகை கொடுத்தால் யாரும் வேலைக்கே போக மாட்டார்கள் என்பவர்களுக்கும் இதே படம்தான் பதில். வேலையில்லாதவருக்கு எவ்வளவு தருகிறோம் என்பதைச் சுற்றியே அரசியல்வாதிகள் பேசுவார்கள். வேலைக்குப் போகிறவர் பார்ப்பது வேறு: இன்னும் ஒரு மணி நேரம் உழைத்தால் கையில் எவ்வளவு நிற்கும்?

1999-ல் டோனி பிளேர் அரசு ஃபேமிலி கிரெடிட்டை எடுத்துவிட்டு இன்னும் தாராளமான ஒரு டாக்ஸ் கிரெடிட்டை, அதாவது வரித்துறை வழியாகத் தரும் உதவித்தொகையை, கொண்டுவந்தது. பழைய திட்டத்தில், ஒரு வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவியில் 70 பென்ஸ் வெட்டு. புதியதில் 55. அதே வருடம் ஏப்ரலில், மணிக்கு 3.60 பவுண்டு என்று முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலியும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் உண்டு. சம்பளத்தில் குறைவதை அரசாங்கம் ஈடுகட்டும் என்று தெரிந்தால், முதலாளி கூலியைக் குறைத்துவிடலாம். 1795-ல் பெர்க்‌ஷயரில் ரொட்டி விலையைப் பார்த்துக் கூலிக்கு மேல் பணம் கொடுக்கத் தொடங்கியபோதே இந்தப் புகார் எழுந்தது. கீழே ஒரு தரை போட்டுவிட்டுத்தான் மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பலன் இருந்ததா? இருந்தது. 1990-களின் நடுவில், பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பெற்றோரில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் வேலையில் இருந்தார்கள். 2010 வாக்கில் அது 57 அளவுக்கு வந்தது. எல்லாப் புகழும் டாக்ஸ் கிரெடிட்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. குழந்தைக் காப்பகங்கள் பெருகின, வேலை தேட வழிகாட்டும் ஆலோசகர்கள் வந்தார்கள், பொருளாதாரமும் நன்றாக இருந்தது. 1999-ன் மாற்றம் மட்டும் தந்தது 5 சதவீதப் புள்ளிக்குள்தான் என்கின்றன ஆய்வுகள். எனக்கு அது சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

ஆனால் பதினாறு பதினாறாகவே இருந்தது. 2003-ல் வந்த வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட்டிலும் தனித்தாய்க்கு அதுதான் வாசல். வாசலைத் தாண்டிவிட்டால் பணம் வரும், அதற்கு மேல் உழைத்தால்? 2011 நிலவரப்படி, வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவரிடம் ஒரு பவுண்டுக்கு டாக்ஸ் கிரெடிட் வெட்டு 41 பென்ஸ், வரி 20, தேசிய காப்பீட்டுப் பிடித்தம் 12. ஆக 73 போய் 27 பென்ஸ் மிச்சம். சனிக்கிழமை ஷிஃப்டுக்கு ஏன் வரவில்லை என்று இப்போது புரியும்.

இன்னொரு தலைவலி, டாக்ஸ் கிரெடிட்டை வருட வருமானத்தை வைத்துக் கணக்கிட்டது. முதல் வருடத்திலேயே ஏறக்குறைய 2 பில்லியன் பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். செலவழித்துத் தீர்ந்த பணம். அப்படி ஒரு கடிதம் கைக்கு வந்த வீட்டில், சம்பளம் கூடினாலே ஏதோ வினை வரும் என்ற பயம் தங்கிவிடும். ஊக்கத்தொகையைக் கணக்கிடும் பொருளாதாரச் சூத்திரங்களில் இந்தப் பயத்துக்கு இடம் கிடையாது.

இதையெல்லாம் ஒரேயடியாகத் தீர்த்துவிடுவதாகச் சொல்லி வந்ததுதான் யுனிவர்சல் கிரெடிட். அன்றைய வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் முன்னின்று கொண்டுவந்த 2012 சட்டத்தின்படி, வேலையில்லாதவர் தொகை, வாடகை உதவி, டாக்ஸ் கிரெடிட் என்று ஆறு திட்டங்களை ஒன்றாக்கினார்கள். 2013 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்தில் உள்ள ஆஷ்டன்-அண்டர்-லைனில் முதலில் தொடங்கியது. யோசனை நல்ல யோசனை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணிக்கணக்கு வாசலே வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரம் வேலை கிடைத்தாலும் போகலாம். சம்பளம் ஏற ஏற உதவி ஒரே சீராகக் குறையும். பள்ளத்துக்குப் பதில் சரிவு.

அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொடங்கும்போது பவுண்டுக்கு 65 பென்ஸ் வெட்டு. 2017-ல் 63. 2021 இறுதியில் 55. நடுவில் 2016-ல் இன்னொன்றும் செய்தார்கள். வெட்டு தொடங்குவதற்கு முன், முதல் கொஞ்சம் சம்பளத்தைத் தொடாமல் விடும் சலுகை ஒன்று உண்டு. சிக்கன நடவடிக்கை என்று அதைச் சுருக்கி, பிள்ளைகளோ உடல்நலக் குறைபாடோ இல்லாதவர்களுக்கு முற்றிலும் எடுத்தேவிட்டார்கள். உழைப்புக்குப் பலன் தரும் திட்டம் என்று மேடையில் பேசிக்கொண்டே, கருவூலம் அந்தப் பலனைக் கடித்துக்கொண்டிருந்தது.

சரி, 2025-26 கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய், ஒரு பிள்ளை, லண்டனில் வாடகை வீடு, கடையில் வாரம் 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாடகை உதவியும் வாங்குவதால் மாதம் 411 பவுண்டு வரை அவர் சம்பளத்தைத் தொட மாட்டார்கள். அதற்கு மேல் வெட்டு. சனிக்கிழமை நாலு மணி நேரம் வரச் சொல்கிறார் மேனேஜர். சம்பளம் 48.84. இவர் ஏற்கெனவே வரி கட்டும் வரம்பைத் தாண்டியவர், அதனால் ஒவ்வொரு பவுண்டிலும் வரி 20 பென்ஸ், காப்பீடு 8. மீதி 72-ல் யுனிவர்சல் கிரெடிட் வெட்டு 55 சதவீதம். கையில் நிற்பது பவுண்டுக்கு 32 பென்ஸ் சில்லறை. நாலு மணி நேரத்துக்கு 16 பவுண்டுகூட இல்லை. போக வர பஸ்ஸுக்கு 3.50. மீதி பன்னிரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. நாலு மணி நேரத்துக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியை இன்னும் தொடவேயில்லை. காப்பகச் செலவில் 85 சதவீதம் வரை அரசு தருகிறது, ஆனால் பொதுவாக முதலில் நாம் கட்டிவிட்டு ரசீதைக் காட்டி வாங்க வேண்டும். கையில் பணம் இல்லாததால்தானே அந்த ஷிஃப்டுக்கே போக நினைக்கிறார்?

ஒப்பிட்டுப் பார்க்க: வருடம் இரண்டு லட்சம் பவுண்டு வாங்கும் வங்கி அதிகாரி அடுத்து சம்பாதிக்கும் ஒரு பவுண்டில் அரசுக்குப் போவது 47 பென்ஸ். கடையில் நிற்கும் இந்தத் தாயிடமிருந்து போவது 67-க்கு மேல். இதில் அதிக வரி கட்டினால் உழைக்கும் ஆசை போய்விடும் என்று நாளிதழ்களில் கவலைப்படுவது வங்கி அதிகாரிக்காகத்தான்.

கணவன் மனைவி இருவரும் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல். வெட்டு இல்லாத அந்த முதல் தொகை வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று கிடையாது. கணவர் சம்பளத்திலேயே அது தீர்ந்துவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது, காலையில் மூன்று மணி நேரம் எங்காவது வேலைக்குப் போகலாம் என்று மனைவி நினைத்தால், அவருடைய முதல் பவுண்டிலிருந்தே 55 பென்ஸ் போய்விடும். வேலையில்லாத வீடு இருக்கக் கூடாது என்று குறிவைத்து வரைந்த திட்டம் இது. ஒருவர் வேலைக்குப் போய்விட்டால் அதன் நோக்கம் முடிந்தது. இரண்டாவது ஆள், பெரும்பாலும் பெண், அந்தக் கணக்கில் வரவில்லை.

அப்புறம் நாட்காட்டி. யுனிவர்சல் கிரெடிட் மாதத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒரு தேதியில், அந்த மாதத்தில் கைக்கு வந்த சம்பளத்தைப் பார்த்து உதவியை முடிவுசெய்யும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்ததால் கம்பெனி வெள்ளிக்கிழமையே சம்பளத்தைப் போட்டுவிட்டது என்று வையுங்கள். கணினிக்கு அது ஒரே மாதத்தில் இரண்டு சம்பளம். அந்த மாதம் உதவி விழுந்துவிடும். அடுத்த மாதம் சம்பளமே இல்லை என்று பதிவாகி உதவி ஏறும், ஆனால் சம்பளத்துக்கான சலுகை ஒரு மாதத்துக்கு வீணாகிவிடும். இப்படிப் பாதிக்கப்பட்ட நான்கு தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விதியைத் திருத்தினார்கள்.

இத்தனைக்குப் பிறகு, யுனிவர்சல் கிரெடிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்களா? பழைய வேலையில்லாதவர் தொகை வாங்கியவர்களைவிட, புதிய திட்டத்தில் சேர்ந்த தனியாட்கள் ஆறு மாதத்துக்குள் வேலைக்குப் போவது மூன்று, நான்கு புள்ளி கூடுதலாக இருந்தது என்று வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் ஆரம்பகால ஆய்வுகள் சொல்லின. மொத்தம் 2 லட்சம் பேர் கூடுதலாக வேலைக்கு வருவார்கள் என்றும் அரசு சொன்னது. அதை அளந்து நிரூபிக்கவே வழியில்லை என்று 2018-ல் தேசியத் தணிக்கை அலுவலகம் கையை விரித்துவிட்டது.

இதுவரை சொன்னது வெல்லக்கட்டி. சீர்திருத்தத்தின் மறு கையில் பிரம்பும் இருந்தது.

2008 வரை தனித்தாய்மார்கள் கடைசிப் பிள்ளைக்குப் பதினாறு வயது ஆகும்வரை வேலை தேடாமலே உதவி வாங்கலாம். அந்த வயதைப் படிப்படியாக 12, 10, 7 என்று இறக்கி 2012-ல் 5 ஆக்கினார்கள். மைக் புரூவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைத் துருவிப் பார்த்தார்கள். கணிசமானவர்கள் வேலைக்குப் போனது உண்மை. ஒரு பகுதியினர் உடல்நலக் குறைவுக்கான உதவிக்கு மாறினார்கள். இன்னொரு பகுதியினர் வேலையும் இல்லாமல், உதவியும் வாங்காமல், புள்ளிவிவரத்திலிருந்தே மறைந்தார்கள். பட்டியல் சுருங்குவதும் வேலை பெருகுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

2013-ல் வந்த உச்சவரம்பிலும் அதே கதை. வேலை செய்யாத குடும்பத்துக்கு எல்லா உதவியும் சேர்த்து வருடம் 26,000 பவுண்டுக்கு மேல் கிடையாது என்றார்கள். 2016-ல் அதையும் லண்டனில் 23,000, வெளியே 20,000 என்று இறக்கினார்கள். துறையின் ஆய்வுப்படி, வரம்பில் மாட்டியவர்கள் வேலைக்குப் போனது மற்றவர்களைவிட 5 புள்ளி அளவுக்குக் கூடுதல். அந்த ஆய்வைச் சரிபார்த்த ஃபிஸ்கல் ஸ்டடீஸ் நிறுவனம் என்ற பொருளாதார ஆய்வு அமைப்பு, பெரும்பாலோர் வேலைக்கும் போகவில்லை, வாடகை குறைந்த வீட்டுக்கும் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. அவர்கள் செய்தது ஒன்றுதான்: வயிற்றைச் சுருக்கினார்கள். மாட்டியவர்களில் அதிகம் பேர் பிள்ளைகளோடு தனியாக இருந்த தாய்மார்கள்.

அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப் சென்டருக்குக் குறித்த நேரத்தில் வராதவர்களுக்கும், போதுமான விண்ணப்பம் போடாதவர்களுக்கும் உதவியை நிறுத்தும் தண்டனை 2012-லிருந்து கடுமையானது. உச்சகட்டமாக மூன்று வருடம்வரை நிறுத்தலாம் என்றிருந்தது. அதன் பலனைப் பற்றித் துறையே நடத்திய ஓர் ஆய்வின் வரைவு, வெளியிட வேண்டுமா கூடாதா என்ற இழுபறிக்குப் பிறகு 2023-ல் வெளியே வந்தது. தண்டிக்கப்பட்டவர்கள் வேலைக்குப் போவது தாமதமாகிறது, போன பிறகும் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்றது அது. ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. அடுத்த வாரம் பணம் வராது என்கிறவர், கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்வார். அல்லது கைபேசிக்கு ரீசார்ஜ் செய்ய முடியாமல் நேர்முகத் தேர்வு அழைப்பையே தவறவிடுவார்.

இப்போதைய சண்டை உடல்நலம் பற்றியது. 2025-26-ல் தனியாளுக்கு யுனிவர்சல் கிரெடிட் மாதம் 400 பவுண்டு. வேலை செய்யும் நிலையில் இல்லை என்று மதிப்பீட்டில் முடிவானால் மேலே இன்னொரு 423. உதவி இரட்டிப்பாகிறது, எனவே நோயாளி என்று நிரூபிக்கவே ஆட்களை இது தூண்டுகிறது என்பது அரசின் வாதம். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2025-ல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருகிறவர்களில் பலருக்கு அந்தக் கூடுதல் தொகை பாதிதான். ஆனால் அதே மசோதாவில், வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கும் மாற்றுத்திறனாளிகள் தொகையையும் வெட்டப் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் ஆபீஸ் போகிறவரின் தொகையை வெட்டினால் அவர் எப்படி அதிகம் வேலை செய்வார்? சொந்தக் கட்சி எம்.பி.க்களே எதிர்த்ததால் ஜூலையில் அந்தப் பகுதியைக் கைவிட்டார்கள்.

வேலை செய்ய விரும்பும் நோயாளிகள் சொல்லும் பயம் வேறு மாதிரியானது. இரண்டு மாதம் முயன்று பார்க்கலாம், ஆனால் முயன்றதையே சாட்சியாக வைத்து, "இவர் வேலை செய்யக்கூடியவர்தான்" என்று மறுமதிப்பீட்டில் எழுதிவிட்டால்? வேலைக்குப் போய்ப் பார்ப்பதே மறுமதிப்பீட்டுக்குக் காரணமாகாது என்று சட்டத்திலேயே எழுதப்போவதாக 2025-ல் அரசு வாக்குக் கொடுத்தது. தொகையைப் பாதியாக்கியதைவிட இந்த ஒரு வரி அதிக ஆட்களை வேலைக்கு அனுப்பும் என்பது என் கணிப்பு.

ஆக, அந்தப் பழைய பதினாறு ஒழிந்ததா? யுனிவர்சல் கிரெடிட் அதை ஒழித்தது என்று சொன்னேன். வாசலில் ஒழித்தது. கொல்லைப்புறமாக அது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. உச்சவரம்பிலிருந்து தப்ப மாதம் 846 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்பது 2025-26 விதி. 12.21 பவுண்டு வீதம் வாரம் பதினாறு மணி நேரத்துக்கு என்ன வருகிறது என்று பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு பதினாறு, வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயையோ மனைவியையோ வாரம் 35 மணி நேரமாவது கவனித்துக்கொள்பவர்களுக்கான உதவித்தொகையில் இருக்கிறது. 2024-25-ல் அது வாரம் 81.90 பவுண்டு. வெளியே வேலை செய்து, கழிவுகள் போக 151 பவுண்டு வரை சம்பாதிக்கலாம். 151-க்கு மேல் ஒரு பென்னி போனாலும் அந்த வாரத்தின் 81.90 முழுவதும் போய்விடும். சரிவு கிடையாது, நேராகப் பள்ளம். வாரம் ஒரு பவுண்டு கூடுதலாக வருடம் முழுவதும் சம்பாதித்தவர் 52 பவுண்டு பெற்று, 4,258 பவுண்டு கடனாளி ஆவார். சம்பளத் தகவல் வரித்துறையிலிருந்து தானாகவே வந்துகொண்டிருந்தது; எல்லாவற்றையும் பார்க்க ஆளில்லாததால் வருடக்கணக்கில் சேரவிட்டு, பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்டார்கள். 2024-ல் இது பெரிய செய்தியாகி, லிஸ் சேய்ஸ் தலைமையில் விசாரணை வைத்தார்கள். குழப்பம் விதிகளில்தான், பராமரிப்பாளர்கள் மேல் பழியில்லை என்று அதன் அறிக்கை சொன்னது.

அறிக்கைக்கு முன்பே, 2025 ஏப்ரலில், வரம்பை 151-லிருந்து 196-க்கு உயர்த்தினார்கள். அமைச்சர்கள் சொன்ன கணக்கு: குறைந்தபட்சக் கூலியில் வாரம் பதினாறு மணி நேரம். பதினாறு மணி நேரத்துக்கு 195.36 பவுண்டு. மேனேஜர் அரைமணி நேரம் கூட இருக்கச் சொன்னால் 201.46. அந்த வாரத்துக்கான 83.30 பவுண்டு உதவி முழுவதும் அதோடு போச்சு.